புடவை மூட்டையோடு தோட்டத்துக்குள் போனவர்: கோ. நடேசய்யரின் வாழ்வும் அரசியலும்

கிளிநொச்சியில் பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ வயதான ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் வன்னிக்கு வெளியேதான் போய் நிற்கும். ஹட்டன், தலவாக்கலை, பதுளை, மாத்தளை என்று ஏதாவது ஒரு மலையகப் பெயர் வரும். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின்னரும், எழுபதுகளின் பஞ்ச காலத்திலும் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் அவை. காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், மறுபடி ஒரு வாழ்க்கையைக் கட்டினார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து அதையும் இழந்தார்கள். மீள்குடியேறிய பிறகும் காணிப் பத்திரத்துக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைவோர் அவர்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த மக்களின் பாட்டன், பாட்டிமாருக்காக இலங்கையின் சட்டசபையில் முதலில் உரத்துப் பேசியவர் ஒரு பத்திரிகையாளர். கோதண்டராம நடேசய்யர் என்பது அவரது முழுப்பெயர். மலையகத்தில் அவரை அறியாதோர் குறைவு. வடக்கிலும் கிழக்கிலும் அவர் பெயர் பாடப்புத்தகத்தின் ஒரு வரிக்கு மேல் போனதில்லை. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் எனக்கும் அவர் இதழியல் வரலாற்றுப் பாடத்தில் வந்த ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைப் பின்னாளில்தான் தேடிப் படித்தேன்.

தஞ்சாவூரிலிருந்து வந்தவர்

நடேசய்யர் தஞ்சாவூரில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். அங்கே வணிகர்களுக்கான பத்திரிகை நடத்தினார். வர்த்தகம், கணக்கு முதலான துறைகளில் தமிழில் நூல்கள் எழுதினார். அந்த வணிகத் தொடர்புதான் அவரை முதலில் இலங்கைக்கு அழைத்து வந்தது. 1915ஆம் ஆண்டளவில் கொழும்பு வந்தவருக்கு மலைநாட்டுத் தோட்டங்களைப் பார்க்க ஆசை. ஆனால் அது நினைத்தவுடன் நடக்கிற காரியமாக இருக்கவில்லை.

அக்காலத்தில் தேயிலைத் தோட்டம் என்பது துரையின் தனி இராச்சியம். தோட்டத்துப் பாதை, தொழிலாளர் குடியிருந்த லயம், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் எல்லாமே கம்பனிச் சொத்து. வெளியாள் யாராவது அனுமதியில்லாமல் உள்ளே வந்தால் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்கு வழக்கு வைக்கலாம். உறவினரைப் பார்க்க வருபவருக்கும் இதே சட்டம். தொழிலாளர்களின் நிலையை நேரில் பார்த்து எழுத நினைக்கும் ஒரு பத்திரிகைக்காரனுக்கு இதைவிடப் பெரிய வேலி தேவையில்லை.

ஒருவருக்கு மட்டும் அந்த வேலி திறந்தது. தலையில் புடவை மூட்டையோடு லயம் லயமாகப் போகும் வியாபாரிக்கு. நடேசய்யர் அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்குள் போனார். அவரது வரலாற்றை எழுதிய சாரல்நாடன் உட்பட எல்லோரும் தவறாமல் சொல்லும் சம்பவம் இது. துணி விற்கும் சாக்கில் தொழிலாளர்களோடு பேசினார். காற்றும் வெளிச்சமும் இல்லாத ஒற்றை அறையில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்வதைக் கண்டார். வந்தது வர்த்தக வேலைக்கு. திரும்பும்போது மனதில் வேறு வேலை இருந்தது.

கடனில் கட்டப்பட்ட வாழ்க்கை

அவர் கண்டது வறுமையை மட்டுமல்ல, அந்த வறுமையை இயக்கிய ஏற்பாட்டையும்தான். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. பயணச் செலவு, சாப்பாடு, முன்பணம் எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்ட வேண்டும். கடன் தொகையை எழுதித் தந்த அந்தக் கடதாசிக்குத் துண்டு என்று பெயர். ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் முறை அது. தன் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே கூலியாள் கடனிலிருந்து மீள்வது கங்காணிக்கும் நன்மையல்ல, துரைக்கும் நன்மையல்ல.

1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதிகளும் அந்தக் காலத்திலேயே நீக்கப்பட்டன. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் வேலை இல்லை என்ற நடைமுறை நீடித்தது. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு தொழிலாளி துரையை எதிர்த்துப் பேசினால் மறுநாளே குடும்பத்தோடு தெருவில் நிற்கலாம். சங்கம் என்ற சொல் தோட்டங்களில் அவ்வளவு காலம் கேட்காமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

பத்திரிகையே முதல் ஆயுதம்

நடேசய்யர் இலங்கையில் நிலைகொண்டது 1920ஐ அண்டிய காலத்தில். 1921இல் தேசநேசன் பத்திரிகையில் ஆசிரியப் பொறுப்பு ஏற்றார். 1924 செப்டெம்பரில் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். இந்தப் பெயர்தான் பின்னர் அவருக்கே பட்டமாக ஒட்டிக்கொண்டது.

தேசபக்தன் தொழிலாளர் செய்திகளை ஓரத்தில் போடுகிற பத்திரிகையாக இருக்கவில்லை. தோட்டங்களில் நடந்த அடி, உதை, சம்பள மோசடி, வேலைநீக்கம் எல்லாம் அதில் வெளிவந்தன. உலகின் மற்ற நாடுகளில் தொழிலாளர் இயக்கங்கள் என்ன செய்கின்றன என்பதையும் எளிய தமிழில் எழுதினார். வாசிக்கத் தெரிந்தவர்கள் லயத்தில் மிகச் சிலரே. ஒருவர் வாசிக்க, சுற்றியிருந்து பலர் கேட்கும் காலம் அது. பத்திரிகை ஒரு பிரதி போனாலே ஒரு லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். துரைமார் அதைக் கண்டு பயந்ததில் ஆச்சரியமில்லை.

அதே காலத்தில் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கம் எழுச்சி பெற்றிருந்தது. நடேசய்யர் அதில் இணைந்து உபதலைவரானார். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பட்டறைகளிலும் சிங்களத் தொழிலாளர்களோடு தமிழரும் மலையாளிகளும் ஒன்றாக வேலை செய்த நகரம் கொழும்பு. சிங்களத்தில் பேசக் குணசிங்க, தமிழில் பேச நடேசய்யர் என்று ஒரே மேடையில் இருவர் நின்றார்கள். இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் அவ்வளவு நம்பிக்கை தந்த காலங்கள் குறைவு.

சட்டநிரூபண சபையில்

1924இல் விரிவாக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் 49 உறுப்பினர்கள். அதில் இந்தியத் தமிழருக்கு ஒதுக்கப்பட்டவை 2 ஆசனங்கள். 1921 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் ஆறு இலட்சத்துக்கும் மேல். அந்த 2 பேரையும் தெரிவு செய்யும் வாக்குரிமையோ சொத்தும் வருமானமும் படிப்பும் உள்ளவர்களுக்கே இருந்தது. அதாவது வாக்காளர்கள் பெரும்பாலும் வணிகர்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணுக்கும் கவ்வாத்து வெட்டிய ஆணுக்கும் அந்தத் தேர்தலில் இடமில்லை.

1925இல் நடந்த இடைத்தேர்தலில் நடேசய்யர் வென்று சபைக்குப் போனார். அவரைத் தெரிவு செய்தவர்கள் வணிகர்கள். அவர் பேசியதோ வாக்கில்லாத தொழிலாளர்களுக்காக. ஒரு சட்டசபை உறுப்பினர் தன்னைத் தெரிவு செய்தோருக்கு அப்பால் ஒரு மக்கள் கூட்டத்துக்குக் கடமைப்படலாம் என்பதை அந்த ஆறு ஆண்டுகளில் அவர் நடைமுறையில் காட்டினார்.

அக்காலத்தின் பெரிய விவகாரம் குறைந்தபட்சச் சம்பளம். தன் மக்கள் வெளிநாட்டுத் தோட்டங்களில் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள் என்று இந்திய அரசு கேள்வி எழுப்பத் தொடங்கியிருந்தது. அந்த அழுத்தத்தின் பயனாக 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1929 முதல் நடைமுறைக்கு வந்த வீதத்தின்படி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அதே மலையில், அதே மழையில் நின்ற பெண்ணுக்கு 11 சதம் குறைவு. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குணசிங்கவுடனான பிரிவு

1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தது. வளர்ந்தவர் எல்லோருக்கும் வாக்கு என்ற பேச்சு அத்தோடு தொடங்கியது. எல்லோருக்கும் என்றால் தோட்டத் தொழிலாளருக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் போதும் என்பது ஆணைக்குழுவின் சிபாரிசு. மலைநாட்டுச் சிங்களப் பிரதிநிதிகளும் கொழும்புத் தலைவர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தியரின் வாக்கு மலைநாட்டையே விழுங்கிவிடும் என்ற பயம் மேடைகளில் ஊட்டி வளர்க்கப்பட்டது.

இந்தக் காற்று தொழிற்சங்கத்துக்குள்ளும் வீசியது. நகரத்தில் வேலை குறைந்தபோது, சிங்களத் தொழிலாளியின் வேலையை இந்தியர் பறிக்கிறார்கள் என்ற பிரசாரத்தின் பக்கம் குணசிங்க சாய்ந்தார். நடேசய்யரால் அதை ஏற்க முடியவில்லை. 1928இல் இருவரும் பிரிந்தார்கள். ஒரே மேடையில் நின்றவர்கள் எதிரெதிர் மேடைகளில் நின்றார்கள். தொழிலாளர் ஒற்றுமை இனத்தின் பெயரால் உடைந்த முதல் பெரிய சம்பவங்களில் இதுவும் ஒன்று. பின்னாளில் இந்த நாட்டில் இடதுசாரிக் கட்சிகளுக்கும் இதுவே நடந்தது என்பதை நாம் அறிவோம்.

1929 டிசம்பரில் டொனமூர் திட்டம் சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்ற வாக்கில் நிறைவேறியது. அதற்குள் இந்தியர்களுக்கான வாக்குரிமை வடிகட்டப்பட்டிருந்தது. நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும், அல்லது படிப்பும் சொத்தும் இருக்க வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். இந்த வடிகட்டலுக்குப் பிறகு 1931 வாக்காளர் இடாப்பில் ஏறக்குறைய ஒரு இலட்சம் இந்தியத் தமிழரே இடம்பெற்றார்கள். மற்றவர்கள் கொழுந்துக் கூடையோடு வெளியே நின்றார்கள்.

ஹட்டனில் ஒரு சங்கம்

கொழும்பை விட்டு விலகிய நடேசய்யர் போய் நின்ற இடம் ஹட்டன். 1931இன் தொடக்கத்தில் அங்கே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. நகரத்தில் சங்கம் வைப்பது வேறு, துரையின் வேலிக்குள் வாழும் மக்களுக்குச் சங்கம் வைப்பது வேறு. தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. ஆகவே கடைவீதியிலும் கோயில் வெளியிலும் பொதுப் பாதையிலும் கூட்டம் நடந்தது. உறுப்பினரானது தெரிந்தால் பற்றுச்சீட்டு கையில் வரும். கங்காணிமார் தங்கள் ஆட்களைப் போகவிடாமல் தடுத்தார்கள். பொலிஸ் நிழல்போல் தொடர்ந்தது.

சங்கம் பிறந்த நேரமோ உலகப் பொருளாதார மந்தம். தேயிலை, றப்பர் விலைகள் வீழ்ந்தன. தோட்ட முதலாளிகள் கேட்டுக்கொண்டபடி குறைந்தபட்சச் சம்பளம் 1931 முதல் அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டது. 54 சதத்தை எட்ட எடுத்த காலத்தை விட அதை இழக்க எடுத்த காலம் குறைவு. பல தோட்டங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சம்பளக் குறைப்புக்கு எதிராகச் சம்மேளனம் குரல் கொடுத்தது. வேலைநிறுத்தங்களும் நடந்தன. அவற்றில் பெரிய வெற்றிகள் இல்லை. ஆனால் துரையிடம் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் லயங்களுக்குள் போனது. அதை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

இந்தக் காலத்தில் அவர் எழுதியவையும் போராட்டத்தின் பகுதிதான். நீ மயங்குவதேன்? என்ற கட்டுரை நூல் 1931இல் வந்தது. தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம் என்ற நாடக நூலை எழுதினார். தொழிலாளருக்கு அவர்களுடைய சட்ட உரிமைகளைத் தமிழில் விளக்கினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பல சிறு பத்திரிகைகளைத் தொடங்கினார். பணம் இல்லாமல் சில நின்றன, வேறு பெயரில் மறுபடி வந்தன. மலையக இலக்கியத்தின் தொடக்கத்தைத் தேடுவோர் நடேசய்யரின் அச்சகத்தையும் தேடித்தான் போக வேண்டும்.

மீனாட்சியம்மையின் குரல்

இந்தக் கதையில் பாதி அவரது துணைவியார் மீனாட்சியம்மைக்கு உரியது. பத்திரிகை வேலையில் பங்கெடுத்தார். கூட்ட மேடைகளில் ஏறினார். பேச்சு தொடங்குமுன் அவர் பாடுவார். பாரதி பாடல்களையும், தோட்ட வாழ்க்கையைப் பற்றித் தானே கட்டிய பாடல்களையும் பாடினார். இந்தியரின் வாக்குரிமை பறிக்கப்படுவதையும், வேலை பறிக்கப்படுவதையும் பாட்டாக்கினார். அவரது பாடல்கள் சிறு நூலாக அச்சாகி மலிவு விலையில் விற்கப்பட்டன.

ஒரு பெண் பொதுமேடையில் நின்று அரசியல் பாடுவது 1930களில் கொழும்பிலேயே அபூர்வம். தோட்டங்களில் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. கூட்டத்தின் முன்வரிசையில் அவர்கள் இருந்ததில்லை. மீனாட்சியம்மையின் குரல் அவர்களையும் கூட்டத்துக்கு இழுத்தது. வாசிக்கத் தெரியாத மக்களிடம் பத்திரிகை போக முடியாத தூரத்துக்குப் பாட்டு போனது. ஆனாலும் நமது வரலாற்று நூல்களில் அவர் நடேசய்யரின் மனைவி என்ற அடையாளத்தோடே நின்றுவிடுகிறார்.

அரசாங்க சபையின் ஹட்டன் உறுப்பினர்

1931இல் முதல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. இளைஞர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் 4 தொகுதிகள் அதைப் பகிஷ்கரித்தன. முழுமையான சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்பது அங்குள்ள நிலைப்பாடு. அதே தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் முதல் முறையாக வாக்களிக்கப் போனார்கள். ஒரே தேர்தலில் வடக்கின் தமிழர் கிடைத்த வாக்கை வேண்டாம் என்றார்கள், மலையகத்தின் தமிழர் கிடைத்த அரைகுறை வாக்கையாவது பிடித்துக்கொண்டார்கள். இரு சமூகங்களும் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஹட்டனின் முதல் உறுப்பினர் பெரி. சுந்தரம். அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். அந்தச் சபையில் நடேசய்யர் இருக்கவில்லை. 1936இல் ஹட்டன் ஆசனம் அவருக்கு வந்தது. 50 பேர் தெரிவாகி, 8 பேர் நியமிக்கப்பட்ட சபை அது. தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம் வென்றிருந்தார். அமைச்சர் சபை முழுவதும் சிங்களவராக அமைந்ததும் அந்த ஆண்டில்தான்.

இம்முறை அவரைத் தெரிவு செய்தவர்களில் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1925இல் வணிகர் வாக்கில் போனவர், 1936இல் யாருக்காகப் பேசினாரோ அவர்களது வாக்கிலேயே போனார். ஒரு மக்கள் பிரதிநிதியின் வாழ்வில் இதைவிடப் பெரிய அங்கீகாரம் வேறில்லை.

ஆனால் சபையின் காற்று மாறியிருந்தது. 1937இல் கிராமச் சபைகளுக்கான சட்டத் திருத்தம் வந்தபோது தோட்டத் தொழிலாளர்கள் அந்த வாக்குரிமையிலிருந்து விலக்கப்பட்டார்கள். நடேசய்யரும் மற்ற இந்தியப் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். எண்ணிக்கை அவர்கள் பக்கம் இல்லை. அதே ஆண்டில்தான் பிரேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், தோட்டத் துரையாகப் பயில வந்து தொழிலாளர் பக்கம் பேசியதற்காக, அவரை நாடுகடத்த ஆளுநர் உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. தோட்டத்துக்குள் பேச்சுச் சுதந்திரம் என்ற கேள்வி அத்தோடு நாடு முழுவதும் பேசப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் புடவை மூட்டையோடு போனவர் எழுப்பிய கேள்வியும் அதுதான்.

1939இல் அரச திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கும் திட்டம் வந்தது. ஜூலையில் நேரு வந்தார். பேசிப் பார்த்தார், பயனில்லை. ஆகஸ்ட் முதல் இலங்கைக்குத் தொழிலாளர் போவதை இந்தியா தடை செய்தது. நேருவின் வருகையோடு இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது.

பின்தள்ளப்பட்ட முன்னோடி

புதிய அமைப்பு இளம் தலைவர்களைக் கொண்டுவந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான், அப்துல் அஸீஸ் போன்றோர் முன்னுக்கு வந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகம் கொதித்தது. தோட்டம் தோட்டமாகச் சங்கங்கள் எழுந்தன. 1946இல் உருளவள்ளித் தோட்டத்தில் வெளியேற்றத்துக்கு எதிரான போராட்டம் மலைநாடு முழுவதும் பரவியது. நடேசய்யர் பத்தாண்டுகளுக்கு முன் தனியாக உழுத நிலத்தில் இப்போது பலர் விதைத்தார்கள். அறுவடை அவர் கைக்கு வரவில்லை.

அவரது பக்கத்திலும் குறை இருந்தது. சம்மேளனம் அவர் ஒருவரைச் சுற்றியே நின்றது. அவருக்கு அடுத்து யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. பத்திரிகை, சங்கம், சபை மூன்றையும் ஒரே ஆள் சுமந்தார். தலைவர் சோர்ந்தால் அமைப்பும் சோரும் என்பது நமது அரசியலில் இன்றுவரை தொடரும் நோய். முன்னோடிகளுக்கும் அது இருந்தது என்று சொல்வதில் அவமரியாதை இல்லை.

உலகப்போர் காரணமாகத் தேர்தல் தள்ளிப்போனதால் 1936இல் தெரிவான சபை 1947 வரை நீடித்தது. அதனால் பதினொரு ஆண்டுகள் அவர் ஹட்டன் உறுப்பினர். 1947 பொதுத் தேர்தலில் தோற்றார். மலையகத்தில் அந்தத் தேர்தலில் 7 தமிழர்கள் நாடாளுமன்றம் போனார்கள். அவர்களில் நடேசய்யர் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் காணாத சட்டம்

நாடு சுதந்திரம் பெற மூன்று மாதங்கள் இருந்தபோது அவர் இறந்தார். ஓராண்டு உயிரோடு இருந்திருந்தால், தன் வாழ்நாள் முழுவதும் எதற்கு எதிராகப் பேசினாரோ அது சட்டமாவதைப் பார்த்திருப்பார். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த தேர்தலில் மலையகத்திலிருந்து 7 பேர் போகவில்லை, ஒருவரும் போகவில்லை.

இந்தச் சட்டங்கள் வடக்கின் அரசியலையும் பிளந்தன. தமிழ்க் காங்கிரசுக்குள் ஜி. ஜி. பொன்னம்பலமும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் இந்த விடயத்தில் எதிரெதிராக நின்றார்கள். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு மலையக மக்களின் பிரஜாவுரிமை ஒரு முக்கிய காரணம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எண்ணிக்கையாகப் பங்கு போட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று. அந்த மக்களில் ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி முற்றாக முடிய 2003 வரை சென்றது.

எஞ்சியிருப்பது

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தார்கள். அந்த நடைபாதை வன்னியின் ஊடாகத்தான் போனது. நடேசய்யர் 54 சதத்தைப் பற்றிப் பேசிய காலம் போய், 1000 ரூபாவுக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் வர்த்தமானியில் கண்டார்கள். லயங்கள் இன்னும் இருக்கின்றன. காணியுரிமை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. தோட்டத்திலும் அப்படி, அங்கிருந்து வன்னிக்கு வந்தோருக்கும் அப்படி.

ஒரு சட்டசபை உறுப்பினரை அவர் நிறைவேற்றிய சட்டங்களை வைத்து அளந்தால் நடேசய்யரின் கணக்கில் அதிகம் சேராது. சபையில் அவர் பக்கம் எண்ணிக்கை ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் அவர் சபைக்குப் போகும் முன்னர் அந்த மக்கள் ஏற்றுமதிக் கணக்கில் ஒரு செலவு வரி மட்டுமே. அவர் பேசத் தொடங்கிய பிறகு அவர்கள் கோரிக்கை உள்ள மக்களானார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு உறுப்பினரும் அதன் மீதுதான் ஏறி நின்றார்கள்.

எண்ணிக்கை இல்லாதவர் சபையில் பேசி என்ன பயன் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு தேர்தலிலும் வீட்டுத் திண்ணையில் அதைக் கேட்கிறோம். நடேசய்யரின் வாழ்க்கை அதற்கு முழுமையான பதில் இல்லை. ஆனால் அவர் சபைக்குள் போகுமுன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் போனார் என்பதையாவது நாம் நினைவில் வைக்கலாம். யாருக்காகப் பேசுகிறோம் என்பதை முதலில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசியவர் அவர். இன்று நமது வாக்கைக் கேட்டு வருபவர்களிடம் அந்த ஒன்றையாவது நாம் எதிர்பார்க்கலாம்.